நூறு சதவீதத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை

"ஏனுங்ணா, நம்மூரு எய்டட் ஸ்கூல்ல இந்தத் தடவ பத்தாவதுல மூணு புள்ளைக பெயிலாம். அந்தப் பக்கம் மெட்ரிக்குலேசன்ல நூத்துக்கு நூறுன்னு பேனர் கட்டியிருக்காங்க. பாப்பாவ ஆறாவது எங்கீங்ணா சேர்த்தறது?"

அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த தங்கச்சி முறைப் பெண் கேட்டார். ஜூன் நெருங்கினால் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்விதான். "அம்மிணி, டீயைக் குடி. இதுக்கு ஒரு வார்த்தைல பதில் சொன்னா பாப்பாவுக்கும் நல்லதில்ல, அந்த ஸ்கூலுக்கும் நல்லதில்ல" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பேசியதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒரு சின்னப் பள்ளியை எப்படி எடைபோடுவது என்பது நம் ஊர்களுக்கு மிகவும் அவசியமான கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்.

எய்டட் ஸ்கூல் என்று நாம் சொல்வது அரசு உதவி பெறும் பள்ளி. இடமும் கட்டடமும் நிர்வாகமும் ஓர் அறக்கட்டளையுடையதாகவோ, திருச்சபையுடையதாகவோ, ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துடையதாகவோ இருக்கும். ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையிலிருந்து இந்த மானிய முறை இங்கே வேரூன்றியது. அமெரிக்காவில் ஏறக்குறைய இதே யோசனைக்கு 1991இல்தான் மினசோட்டா மாநிலம் சட்டம் போட்டது. சார்ட்டர் பள்ளி என்று பெயர். அங்கேயும் பணம் அரசுடையது, நிர்வாகம் தனி. ஆனால் கூடவே ஓர் ஒப்பந்தம் இருக்கும். சொன்னபடி பிள்ளைகளைப் படிக்க வைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும், பள்ளி மூடப்படும். அதனால் சின்னப் பள்ளியின் தேர்ச்சியை எப்படி அளப்பது என்று முப்பது வருடங்களுக்கு மேலாக அங்கே வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் தேறிய சில பாடங்கள் அன்னூருக்கும் அவிநாசிக்கும் அப்படியே பொருந்தும்.

மூன்று பேர் என்பது எவ்வளவு?

முதலில் எண்ணிக்கை. புரிவதற்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு சின்னப் பள்ளியில் 20 பேர் பத்தாம் வகுப்பு எழுதுகிறார்கள். மூன்று பேர் தோற்றால் தேர்ச்சி 85 சதவீதம். பேப்பரில் பார்த்தால் மாநில சராசரிக்குக் கீழே. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2024இல் 91.55 சதவீதம், 2025இல் 93.80. அந்த மூவரில் இரண்டு பேர் தேறியிருந்தால் இதே பள்ளி 95 சதவீதம் காட்டியிருக்கும். சராசரிக்குக் கீழே போனதற்கும் மேலே வந்ததற்கும் நடுவில் இருப்பது இரண்டு பிள்ளைகளின் கணக்குப் பரீட்சை.

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேறும் வாய்ப்பு பத்துக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் மாறவில்லை, பாடம் நடத்தும் விதம் மாறவில்லை. அப்படி இருந்தும், சராசரியாக எட்டு வருடங்களுக்கு ஒரு முறை அந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு வாங்கும். மூன்று வருடங்களுக்கு ஒரு முறை மூன்று பேரோ அதற்கு மேலோ தோற்பார்கள். ஏழெட்டு வருடங்களுக்கு ஒரு முறை நான்கு பேருக்குக் குறையாமல் தோற்று, 80 சதவீதத்துக்கோ அதற்கும் கீழேயோ இறங்கும். ஒரு வருடம் பேனர், ஒரு வருடம் வசவு. பள்ளியோ அதே பள்ளி. பரீட்சை சமயத்தில் ஒரு பிள்ளைக்கு டெங்கு வரலாம், ஒரு வீட்டில் அப்பா தவறிப் போகலாம், ஒரு பெண்ணுக்குத் திருமணப் பேச்சு நடக்கலாம். 20 பேர் இருக்கும் வகுப்பில் அப்படி ஒவ்வொன்றுக்கும் ஐந்து சதவீதம் விலை.

இதே வாய்ப்போடு 200 பேர் எழுதுகிற பள்ளியை எடுத்தால், பெரும்பாலான வருடங்களில் 86க்கும் 94க்கும் நடுவில்தான் நிற்கும். நூறும் வராது, எண்பதும் வராது. பெரிய பள்ளியின் சதவீதம் அசையாமல் நிற்பதும் சின்னப் பள்ளியின் சதவீதம் ஏறி இறங்குவதும் எண்ணிக்கையின் இயல்பு. கற்பித்தலின் குணத்தை அதில் தேட முடியாது.

இதைக் கவனிக்காமல் அமெரிக்காவில் பெரும் பணம் செலவானது. தேர்ச்சிப் பட்டியலின் உச்சியில் சின்னப் பள்ளிகள் நிறைய இருப்பதைப் பார்த்து, பள்ளி சிறியதாக இருந்தாலே படிப்பு நன்றாக வரும் என்று நம்பி, கேட்ஸ் அறக்கட்டளை உள்ளிட்டோர் பெரிய பள்ளிகளைச் சிறியவையாகப் பிரிக்கப் பணத்தைக் கொட்டினார்கள். ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பள்ளிகளை எடுத்துப் பார்த்தார். முதல் 50 இடங்களில் மிகச் சிறிய பள்ளிகள் 6 இருந்தன. மொத்தத்தில் அவற்றின் பங்குக்கு இது ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் கடைசி 50 இடங்களைப் பார்த்தால் அங்கே அதே மிகச் சிறிய பள்ளிகள் 9 இருந்தன. உச்சியை மட்டும் பார்த்தவர்கள் அடியைப் பார்க்கவில்லை.

ஆகவே சின்னப் பள்ளிக்கு முதல் விதி: ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நாலைந்து வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். நம் கணக்குப் பள்ளி நான்கு வருடங்களில் 95, 100, 90, 85 என்று வாங்கியிருந்தால், கடைசி வருடத்தை மட்டும் பார்ப்பவருக்குச் சரிவு தெரியும். கூட்டினால் 80 பேரில் 74 பேர், அதாவது 92.5 சதவீதம். மாநிலத்தோடு சமமாக நடக்கிற பள்ளி அது. பழைய வருடங்களைத் தேடும்போது 2020, 2021 இரண்டையும் தள்ளிவிடுங்கள். கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்காமல் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்த வருடங்கள் அவை.

யாரை வகுத்தார்கள், எதால் வகுத்தார்கள்?

"செரிங்ணா, அதுக்காக நூறு வாங்கற ஸ்கூல் மட்டமாப் போயிருமா?"

போகாது, அம்மிணி. உழைத்து நூறு வாங்கும் பள்ளிகள் உண்டு. ஆனால் நூறு என்ற எண்ணுக்குள் ஒரு வகுத்தல் இருக்கிறது. தேறியவர்களை எழுதியவர்களால் வகுக்கிறார்கள். எழுதாதவர்கள் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வு நாளன்று மாநிலம் முழுக்க சுமார் 50,000 பேர் தேர்வுக்கு வரவில்லை என்று செய்தி வந்து எல்லோரும் திடுக்கிட்டோம். அந்த வருடத் தேர்ச்சி விகிதத்தில் அவர்கள் யாரும் தோற்றவர்களாகக்கூடக் கணக்கில் இல்லை.

பள்ளி அளவில் இது இன்னும் நுட்பமாக நடக்கும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் தேக்கி வைப்பதில்லை. அதனால் சல்லடை ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பிக்கிறது. 'உங்க பையனுக்குக் கணக்கு வராது, வேற ஸ்கூல்ல சேர்த்துக்குங்க' என்று பெற்றோரை அழைத்துப் பக்குவமாகச் சொல்லி டி.சி.யைக் கையில் கொடுப்பது பல ஊர்களில் பழகிப்போன விஷயம். சிலரைத் தனித்தேர்வராக எழுதச் சொல்வார்கள். தனித்தேர்வர் கணக்கு பள்ளிக் கணக்கில் சேராது. டி.சி. வாங்கிய பையன் எங்கே போவான்? பக்கத்து அரசுப் பள்ளிக்கோ எய்டட் பள்ளிக்கோ போவான். ஒரு பள்ளி வாங்குகிற நூறுக்கும் இன்னொரு பள்ளி வாங்குகிற எண்பத்தைந்துக்கும் நடுவில் அந்தப் பையன் நிற்கிறான்.

எண்ணாகப் போட்டுப் பார்ப்போம். மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 40 பேர். பத்தாம் வகுப்பு எழுதியவர் 34. முப்பத்துநாலு பேரும் தேறினார்கள். பேனரில் 100 சதவீதம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எண்ணினால் 40க்கு 34, அதாவது 85. எய்டட் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 20 பேர், எழுதியவர் 20, தேறியவர் 17. அதுவும் 85. இரண்டு பள்ளிகளும் சமம். வித்தியாசம் ஒன்றுதான்: ஒரு பள்ளி தோற்கக்கூடிய பிள்ளைகளை வெளியே அனுப்பியது, இன்னொரு பள்ளி கூடவே வைத்துக்கொண்டு அவர்களுக்காகப் பேரைக் கெடுத்துக்கொண்டது.

இந்தக் கணக்கைப் பார்க்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இந்தியாவில் எல்லாப் பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. யூடைஸ் பிளஸ் தளத்தில் வகுப்புவாரியாக எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர் என்பது இருக்கிறது. போன வருட ஒன்பதாம் வகுப்பையும் இந்த வருடப் பத்தாம் வகுப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேர் குறைவது இயல்பு. வீடு மாறிப் போவார்கள். வருடா வருடம் பத்துக்கு இரண்டு மூன்று பேர் காணாமல் போனால், ஏன் என்று கேளுங்கள்.

நாமக்கல் சொல்லும் பாடம்

பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பது தேர்ச்சியை எப்படி மாற்றும் என்பதற்கு நம் மண்டலமே பெரிய சாட்சி. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் கொங்குநாட்டுக் கல்வியைப் பேச முடியாது. 2000க்குப் பிறகான பதினைந்து வருடங்களில் பிளஸ் டூ ரேங்க் பட்டியல் வந்தால் நாமக்கல் பெயர் வராமல் இருக்காது. தூத்துக்குடியிலிருந்தும் வேலூரிலிருந்தும்கூடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் யார்? பத்தாம் வகுப்பில் 450, 480 வாங்கியவர்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு, பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தியதாகப் பல பள்ளிகள் மீது வெளிப்படையாகவே குற்றச்சாட்டு இருந்தது.

2017இல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அன்றைக்குப் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த கே.ஏ. செங்கோட்டையன் நம் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். அதே காலத்தில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. 1,200 மதிப்பெண் 600 ஆனது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லது. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்கும் பழைய ஆசை திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது இனி பெற்றோர் கையிலும் இருக்கிறது.

பொறுக்கி எடுப்பதைத் தனியார் மட்டும் செய்வதில்லை. மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் அரசு மாதிரிப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தங்க வைத்துப் படிக்க வைக்கின்றன. அங்கிருந்து ஐ.ஐ.டி.க்குப் பிள்ளைகள் போவது உண்மையிலேயே கொண்டாட வேண்டியது. அந்தப் பிள்ளைகள் புறப்பட்டு வந்த சின்னப் பள்ளியின் தேர்ச்சிப் பட்டியலில் அவர்கள் இடம் காலியாக இருப்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

கோயமுத்தூர்க்காரருக்கு இதை மில்லை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். ஒரு மில் எந்த கவுன்ட் நூல் எடுத்தது என்று மட்டும் கேட்டு யாரும் அந்த மில்லை மெச்சுவதில்லை. எந்தப் பஞ்சு போட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்பார்கள். பள்ளியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடுகிறோம்.

வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

"அந்த எய்டட் ஸ்கூல்ல எல்லாம் வடக்கத்திப் புள்ளைகளும் காட்டு வேலைக்குப் போறவிய புள்ளைகளுந்தானுங்ணா."

ஆமாம், அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். கொங்கு நாட்டுச் சின்னப் பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டை விரித்தால் இந்த மண்டலத்தின் தொழில் வரைபடம் அதிலேயே இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவை வார்ப்படச் சாலைகளுக்கும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழை அரிச்சுவடியிலிருந்து தொடங்கியவர்கள். பள்ளிக்கூட நாளில் பாதி நாள் ஊருக்குப் போய் வருபவர்கள். ஆனைகட்டி மலையடியில் என்றால் இருளர் குடியிருப்புப் பிள்ளைகள். வால்பாறையில் என்றால் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள். தோட்டத்தில் ஆட்கள் குறையக் குறைய அங்கே பள்ளியும் மெலிகிறது. இவர்களில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு வரை வந்தவர்கள். வீட்டுப்பாடம் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லாதவர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருட வேலைக்குப் பிறகு கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லிப் பதின்ம வயதுப் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய காலம் வெகு தூரத்தில் இல்லை. பத்தாம் வகுப்பில் இடறிய பெண்ணுக்கு மில் வேன் காத்திருந்த ஊர்கள் இவை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பள்ளி தன் பெண் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேரைப் பிளஸ் டூ வரை கொண்டுபோய்ச் சேர்த்தால், அது எந்த ரேங்குக்கும் குறைந்த சாதனை இல்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்த பிறகு, மேலே படிப்போம் என்ற நினைப்பு இந்த வீடுகளில் நுழைந்திருக்கிறது. தமிழ்ப் புதல்வன் தொடங்கப்பட்டதே கோவை அரசு கலைக் கல்லூரியில்தான், 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி.

யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதையே பெருமையாக வைத்துத் தொடங்கிய பள்ளியும் நம்மிடம் உண்டு. 1930இல் தி.சு. அவினாசிலிங்கம் ஒரு சில பிள்ளைகளோடு ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியபோது, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளையும் மற்ற பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டுப் படிப்பதுதான் அதன் முதல் நோக்கமாக இருந்தது. 1934இல் பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் கட்டடத்துக்குக் காந்தி அடிக்கல் நாட்டினார். பின்னால் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானவர் தொடங்கிய அந்தச் சின்னப் பள்ளியை, முதல் வருடத் தேர்ச்சியை வைத்து யாராவது மதிப்பிட்டு மூடியிருந்தால், பெரியநாயக்கன்பாளையத்தில் இன்றைக்கு இருக்கிற கல்வி நிலையங்கள் எதுவும் எழும்பியிருக்காது.

குடும்பப் பின்னணி இவ்வளவு பேசுமா என்று சந்தேகம் வரலாம். 1966இல் ஜேம்ஸ் கோல்மன் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, பள்ளியின் கட்டட வசதியைவிடப் பிள்ளையின் வீட்டுச் சூழல்தான் மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்று காட்டினார். பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பள்ளி செய்ததையும் வீடு செய்ததையும் பிரித்துப் பார்க்காமல் மதிப்பெண்ணை மொத்தமாகப் பள்ளியின் பெயரில் எழுதக் கூடாது என்பதே பொருள்.

பிரித்துப் பார்க்க ஒரு நேர்மையான வழி குலுக்கல். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அதைச் செய்தார்கள். தனியார் பள்ளியில் சேர விரும்பிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கிப் போட்டு, சீட்டு விழுந்தவர்களுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார்கள். விழுந்தவர்களும் விழாதவர்களும் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள் என்பதால், வித்தியாசம் வந்தால் அது பள்ளியால் வந்தது. நான்கு வருடம் கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. தனியார் பள்ளிகள் நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்த இந்தியில் மட்டும் நல்ல முன்னேற்றம். தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு அரசுச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. குறைந்த செலவில் அதே அளவு கற்றுக்கொடுத்தது அவர்களுக்கு உரிய பெருமை. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிந்த மதிப்பெண் இடைவெளியில் பெரும்பகுதி பள்ளி போட்டது இல்லை, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

எவ்வளவு தூரம் நடந்தார்கள்?

"அப்பறம் எதைத்தானுங்ணா பாக்கறது?"

பிள்ளை எங்கே வந்து நிற்கிறது என்பதோடு எங்கேயிருந்து கிளம்பியது என்பதையும் பார்க்க வேண்டும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்திருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஏற்பாட்டின் நல்ல குணம் என்னவென்றால், அரும்பில் இருந்த பிள்ளை வருடக் கடைசியில் மலருக்கு வந்ததா என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்க முடியும். அரும்பில் 12 பேரோடு தொடங்கி அவர்களில் 9 பேரை மலருக்குக் கொண்டுவந்த வகுப்பு, 12 பேரும் மலரிலேயே வந்து சேர்ந்த வகுப்பைவிட அதிகம் வேலை செய்திருக்கிறது.

பெரிய வகுப்புக்கும் இதே கேள்விதான். பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எத்தனை பேருக்குத் தமிழ் சரளமாக வாசிக்கத் தெரிந்தது? இப்போது எட்டாம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரிகிறது? நல்ல பள்ளி இதைத் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கும். பிரதம் அமைப்பு 2005 முதல் ஏசர் கணக்கெடுப்பில் பயன்படுத்தும் சோதனை மிக எளிமையானது: எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை. இதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்களே செய்து பார்க்கலாம்.

அடுத்து மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்று கேளுங்கள். 35 வாங்கினாலும் தேர்ச்சி, 99 வாங்கினாலும் தேர்ச்சி. 20 பேரும் தேறி, அதில் 15 பேர் கணக்கில் 35க்கும் 45க்கும் நடுவில் நின்றால், பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுக்க அந்த வகுப்பில் மிஞ்சுவது ஐந்து பேர்தான் என்று பொருள்.

மூன்றாவது, தோற்ற பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? பள்ளியின் மனசு தெரியும் இடம் இது என்று நான் நினைக்கிறேன். பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு. அந்த மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கு ஆசிரியர் போனாரா? விடுமுறையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாரா? துணைத்தேர்வில் தேறி அதே வருடம் பிளஸ் ஒன்னிலோ ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தார்களா? மே மாதப் பேனரில் இதற்கு இடம் இல்லை. அந்தக் குடும்பத்தின் அடுத்த முப்பது வருட வாழ்க்கையில் இடம் உண்டு.

நான்காவது, ஆசிரியர். 20 பேர் வகுப்பில் கணக்கு ஆசிரியர் இடம் ஒரு வருடம் காலியாக இருந்தால் அது அப்படியே தேர்ச்சியில் தெரியும். பெரிய பள்ளியில் அந்தக் குறையை இன்னொரு கணக்கு ஆசிரியர் தாங்கிக்கொள்வார், சின்னப் பள்ளியில் தாங்க ஆள் இல்லை. அதனால் சதவீதம் இறங்கிய வருடத்தில் முதலில் கேட்க வேண்டியது, 'அந்த வருடம் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை?' என்பதுதான்.

எண்ணிக்கை குறைந்தால் பள்ளி கெட்டதா?

சின்னப் பள்ளியைப் பற்றி இன்னொரு பேச்சும் அடிபடும்: 'ஸ்டிரெங்த் கொறஞ்சுருச்சு, அதனால ஸ்கூல் சரியில்ல.' இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1.8. கொங்குப் பகுதியில் ஒற்றைப் பிள்ளை வீடுகள் ஒரு தலைமுறைக்கு முன்பே சாதாரணமாகிவிட்டன. பிறக்கும் பிள்ளைகளே குறைந்தால் ஆறாம் வகுப்பு எப்படி நிரம்பும்? அதற்கு மேல் வீட்டு வாசலில் வந்து நிற்கும் பள்ளி வேன் வேறு. எண்ணிக்கை குறைவதற்குப் பள்ளியின் படிப்பு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊரில் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் இந்தப் பள்ளிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால்தான் தெரியும்.

2019இல் ஒரு பிள்ளைகூடச் சேராத 46 பள்ளிகளைத் தமிழ்நாடு அரசு நூலகமாக மாற்றியது. பிள்ளையே இல்லாத கட்டடம் நூலகமாவதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 25 பிள்ளைகள் படிக்கிற பள்ளியைச் சதவீதத்தைக் காட்டி மூடினால், அந்த 25 பேரில் சிலர் அடுத்த பள்ளி வரை போகவே மாட்டார்கள். மலைக் கிராமத்திலும் சூளைக்குப் பக்கத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்கு மூன்று கிலோமீட்டர் என்பது பெரிய தூரம்.

இதில் அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கம் நீண்ட நாளாக இருக்கிறது. சதவீதம் ஒன்றையே கேட்டால், சதவீதத்தைக் காப்பாற்ற எளிய வழி பலவீனமான பிள்ளையை வெளியே அனுப்புவதுதான் என்று எல்லாப் பள்ளியும் கற்றுக்கொள்ளும். நாம் அளக்கிற விதமே பிள்ளையை விரட்டுகிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்ச்சி விகிதத்தோடு, ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர் எத்தனை, எழுதியவர் எத்தனை, துணைத்தேர்வில் மீண்டவர் எத்தனை, நான்கு வருடச் சராசரி எவ்வளவு என்று நான்கு எண்களைச் சேர்த்து வெளியிட்டால் போதும். இவை எல்லாம் அரசிடம் ஏற்கெனவே இருக்கிற எண்கள்தான்.

அதுவரை பெற்றோர் கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். எய்டட் பள்ளிக்கும் அந்தக் குழு உண்டு. அந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல் இந்த நான்கு எண்களைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ள எந்த அம்மாவுக்கும் உரிமை இருக்கிறது.

அம்மிணிக்கு நான் சொன்னது இதுதான். இரண்டு பள்ளிக்கும் போ. இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேள்: 'நாலு வருசத்துக்கு முன்னாடி உங்ககிட்ட ஆறாவது சேர்ந்த புள்ளைகள்ல எத்தன பேரு இன்னும் உங்ககிட்ட இருக்காங்க? போனவிய ஏன் போனாங்க?' இதற்குப் பேர் பேராகப் பதில் சொல்கிற பள்ளி, தேர்ச்சி 85 ஆனாலும் 100 ஆனாலும், பிள்ளைகளைப் பிள்ளைகளாகப் பார்க்கிற பள்ளி. பாப்பாவை அங்கே சேர்க்கலாம். அவளுக்கும் ஒரு வருடம் கணக்கு வராமல் போகலாம். அப்போது அவளைக் கையைப் பிடித்து உள்ளேயே வைத்துக்கொள்கிற இடம் எது என்பதை ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்வது பெற்றவர்களின் பொறுப்பு.